மீன்தொட்டியில் யார் யாரோடு இருக்கலாம்

யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு மீன் என்றால் அது கடலில் இருந்துதான் வரவேண்டும். குளத்து மீன் என்றாலே மூக்கைச் சுளிப்போம், சேறு மணக்கும் என்போம். அப்படி வளர்ந்த நான், இந்த வயதில், இங்கிலாந்தின் எட்மண்டனுக்கு வெளியே ஒரு பூங்கன்றுக் கடையின் பின்பக்கத்தில், கண்ணாடித் தொட்டிகளுக்கு முன்னால் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்று, அந்த நாட்டு ஆற்று மீன்களில் எது எதோடு ஒத்து வாழும் என்று ஒரு வெள்ளைக்காரரிடம் பாடம் கேட்டேன். எல்லாம் என் மனுசனுக்காக.

அவருக்கு அதற்கு முந்தின மாரியில் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதோடு பேச்சும் போய்விட்டது. கலியாணம் கட்டிய நாள் முதல் என்னோடு வாதாடி, ஒருநாளும் தோற்காத வாய் அது. இப்போது ஓம் என்றோ இல்லை என்றோ கூட வராது. தொண்டைக்குள் இருந்து ஒரு சத்தம் மட்டும் வரும். பசியா, கோபமா, வலியா என்று நான்தான் ஊகிக்க வேண்டும்.

புத்தி இருக்கிறதா இல்லையா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி வந்து, ஒரு கப்பையும் ஒரு சீப்பையும் மேசையில் வைத்து, "இதில் எது கப்?" என்று குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டாள். இவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுமுறை வந்து கேட்டபோதும் அப்படித்தான். இவருடைய பிடிவாதம் எனக்குத் தெரியும். சொந்தமாகக் கராஜ் வைத்து நடத்திய மனிதன், கப்பைக் காட்டு என்றால் காட்டுவாரா? ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? விளங்குகிறதா என்று சொல்ல முடியவில்லை என்றுதான் அவள் சொன்னாள். மாதங்கள் போகப் போக எனக்கே சந்தேகம் பிடித்தது. கண்ணுக்குள் ஆள் இருக்கிறாரா என்று குனிந்து பார்ப்பேன். சில நாட்கள் இருப்பதுபோல இருக்கும். சில நாட்கள் சுவரைப் பார்ப்பது போலத்தான் என்னைப் பார்ப்பார்.

கவுன்சிலில் இருந்து வந்த சோஷல் வேர்க்கர் நல்ல பெண்தான். ஆனால் விசயத்தை ஒளிக்காமல் சொன்னாள். அவரால் தானாக முடிவெடுக்க முடியாது என்று தீர்மானமானால், அவருக்கு எது நல்லது என்று மற்றவர்கள் கூடி முடிவெடுக்க வேண்டும். என் முதுகு இருக்கிற இருப்பில், அது பெரும்பாலும் வருத்தக்காரரைப் பராமரிக்கிற ஹோமாகத்தான் இருக்கும். எங்களுடைய சனத்தில் புருசனை ஹோமில் விட்டவளைப் பற்றி என்ன கதைப்பார்கள் என்று அவளுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. நான் முயலவும் இல்லை.

போகும்போது அந்தப் பேச்சுப் பயிற்சிக்காரிதான், டிவியை விட உயிருள்ள ஏதாவது அவர் முன்னால் அசைந்தால் நல்லது, ஒரு மீன்தொட்டி வைத்துப் பாருங்கள் என்றாள்.

எந்த மீன் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் லீ ஆற்றங்கரைக்குப் போய், தூண்டிலும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள். வீட்டுக்கு வந்து இன்று இன்ன மீன் கண்டேன் என்று சொல்வார். நான் "சமைக்க ஏலாத மீனைப் பாத்து என்ன பிரயோசனம்?" என்பேன். இந்த நாட்டு மீன்களை வைத்து ஒரு தொட்டி வேண்டும் என்று எத்தனையோ தரம் கேட்டவர். சாமான் வைக்கவே இடமில்லாத வீட்டில் மீனுக்கு எங்கே இடம் என்று நான் விடவில்லை.

இவருடைய தமக்கை, என் மச்சாள், வேறு சொன்னாள். "கோல்ட் ஃபிஷ் வாங்கும், பிள்ளை. பாக்க லட்சுமிகரமா இருக்கும். உந்த வெளிநாட்டு மீன் என்னத்துக்கு?"

"மச்சாள், மீன் இந்த நாட்டு மீன். நாங்கள்தான் வெளிநாடு" என்றேன்.

கடைக்காரர் பெரிய உருவம், முழங்கைவரை ஈரம். நான் பழக்கத்தில் குனிந்து ஒவ்வொரு மீனுக்கும் கண் தெளிவாக இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா என்று பார்த்ததைக் கண்டு, சமைக்கப் போகிறீர்களா என்று கேட்டார். எனக்குப் பிடித்தது பேர்ச் என்கிற மீன். பச்சை உடம்பில் கறுப்புப் பட்டை, சிவந்த செட்டை, நிமிர்ந்த பார்வை. அது வேண்டாம் என்றார். இப்போது விரலளவுதான் இருக்கிறது, வளர வளர மற்றதையெல்லாம் தின்னும். ஒன்றின் வாய்க்குள் மற்றது போகக்கூடாது, அதுதான் முதல் விதி. ஸ்டிக்கில்பேக் என்று இன்னொன்று, முதுகில் முள்ளோடு சின்னதாக அழகாக இருந்தது. அதுவும் வேண்டாமாம். வசந்தம் வந்தால் ஆணுக்கு வயிறு சிவக்கும், ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு கிட்டப் போகிறவரையெல்லாம் குத்தும். எனக்கு உடனே மச்சாளின் ஞாபகம் வந்தது.

கடைசியில் அவர் சொன்னது இதுதான். நடுத்தண்ணீருக்கு மின்னோ. சுண்டுவிரல் நீளம், வெள்ளி வயிறு, தனியாக விட்டால் பயந்து செத்துவிடும், கூட்டமாக வேண்டும். தரைக்கு கட்ஜன், வாயோரம் மீசை வைத்த சாது, கீழே விழுந்ததைப் பொறுக்கித் தின்னும். கல்லுக்கடியில் ஒளிந்திருக்க ஒரு லோச், அது நம்முடைய அயிரைக்குச் சொந்தம். மூன்று சாதிக்கும் ஒரே தேவை, குளிர்ந்த தண்ணீர், அதில் நிறையக் காற்று. ஆகவே ஹீட்டர் வேண்டாம். காற்றடிக்கிற பம்ப் மட்டும் ஒருபோதும் நிற்கக்கூடாது. ஆற்றில் போய்ப் பிடித்து வந்து போடவும் கூடாது, அதற்கு அனுமதி வேண்டும், நோயும் கூட வரும். இவை தொட்டியிலே பொரித்த குஞ்சுகள் என்றார்.

எங்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்த்துத்தான் கட்டி வைத்தார்கள். நட்சத்திரம், யோனி, ரச்சு என்று ஒன்றையும் விடவில்லை. யாருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளும், யார் யாரைக் குத்துவார், யார் வாய் பெரிது என்று அந்த ஐயர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மீன் இல்லாமல் தொட்டியைச் சில கிழமைகள் ஓடவிட வேண்டும், அப்போதுதான் தண்ணீர் பழகும் என்றார் கடைக்காரர். அந்த நாட்களில் இவர் வெறும் தண்ணீரையும் கூழாங்கல்லையும் பார்த்துக்கொண்டு இருந்தார். மச்சாள் வந்து, "வெறும் தண்ணிக்கு முன்னாலை தம்பியை இருத்தி வைச்சிருக்கிறீர், உமக்கும் விசரோ?" என்று கேட்டாள்.

இடம் பிடிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. எங்களுடைய வீடுகளைத் தெரியும்தானே. ஒக்டோபரில் ஹீட்டிங்கைப் போட்டால் சித்திரை வருசத்துக்குத்தான் நிறுத்துவோம். வருத்தக்காரன் இருக்கிற வீட்டில் சொல்லவே வேண்டாம். முன் அறையில் ரேடியேட்டர் இல்லாத சுவர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வடக்குப் பக்கம், சாமி அலுமாரிக்குப் பக்கத்தில். அந்தச் சுவரோடு தொட்டியை வைத்தேன். அதற்கு இந்தப் பக்கம் இவருடைய நாற்காலி. சாமிக்குப் பக்கத்தில் வைத்தது நல்லது என்று மச்சாளுக்கும் திருப்தி. பம்பின் வயரையும், படுக்கைப்புண் வராமல் இவருக்குப் போட்ட காற்று மெத்தையின் வயரையும் ஒரே நீட்டுப் பிளக் பலகையில் செருகி, அதை நாற்காலிக்கு இடது பக்கம் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுவிட்ச்.

மீன்கள் வந்த நாளை நான் மறக்க மாட்டேன். மின்னோக் கூட்டம் தொட்டியில் விழுந்த உடனே பம்பின் குமிழிகளுக்குள் ஓடி, ஒரே திசையில் தலையை வைத்துக்கொண்டு எதிர்நீச்சல் போட்டது. இவருடைய தலை மெல்லத் திரும்பியது. மீன் இடது பக்கம் போனால் இடது பக்கம், வலது பக்கம் வந்தால் வலது பக்கம். தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அதைச் சிரிப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கோபமும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. குசினிக்குள் போய் அழுதேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான் பிறகு.

மச்சாள் இருப்பது ஆர்ச்வேயில். புருசன் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே மேட்டிலுள்ள முருகன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, திருநீறும் பூவும் எடுத்துக்கொண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வருவாள். வந்து கரியைக் காஸ் அடுப்பில் வைத்துச் சிவக்கச் சுட்டு, தட்டில் போட்டு, மேலே சாம்பிராணியைத் தூவுவாள். அதற்கு முன் நான் கதிரையில் ஏறி, சீலிங்கில் இருக்கிற புகை அலாரத்துக்குக் குளிக்கிற தொப்பியை மாட்டிவிட வேண்டும். இல்லையென்றால் தெரு முழுக்கக் கேட்கும். சாமிக்குக் காட்டி, தம்பியின் தலையைச் சுற்றி மூன்று தரம் காட்டி, பிறகு தொட்டிக்கும் காட்டுவாள். அறை முழுக்க மூடுபனி மாதிரி நிற்கும். குளிருக்குச் சன்னலும் திறப்பதில்லை.

முதல் மின்னோ செத்தது ஒரு சனிக்கிழமை காலை. வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அடுத்த சனிக்கிழமை இரண்டு. பிறகு ஒரு கட்ஜன். நான் மச்சாளுக்குப் போன் எடுத்து, மனம் பொறுக்காமல்தான் சொன்னேன். அவளுக்கோ சந்தோசம்.

"பிள்ளை, கவலைப்படாதையும். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுது. தம்பிக்கு இருந்த கண்ணூறை அது வாங்கிக்கொண்டு போட்டுது. நல்ல சகுனம்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நம்பவும் செய்தேன். வீட்டில் வருத்தம் படுத்திருக்கும்போது யார் எதைச் சொன்னாலும் காது அந்தப் பக்கம் போகும். செத்த மீனைக் கரண்டியால் அள்ளும்போது இவருடைய முகத்தைப் பார்ப்பேன், ஏதாவது சுகம் கூடியிருக்கிறதா என்று. ஒன்றும் கூடவில்லை. அவர் கரண்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கடைக்குப் போய் வேறு மீன் வாங்கி வருவேன். கடைக்காரர் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, தண்ணீரில் குறை இல்லையே என்று தலையைச் சொறிவார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நான் குசினியில் இருந்து வந்தபோது குமிழிச் சத்தம் இல்லை. பம்ப் நின்றிருந்தது. இவருடைய இடது கை பலகையின் சுவிட்சில் இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"ஐயோ, என்ன செய்யிறியள்? அதுகளைக் கொல்லப் போறியளோ?" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டேன். அடுத்த கிழமையும் அதே வேலை. அதற்கடுத்த கிழமையும். நான் போடுவேன், அவர் மறுபடி கையை நீட்டுவார். நான் கையைப் பிடித்து மடியில் வைப்பேன். மச்சாள் சாம்பிராணித் தட்டோடு நின்று பார்த்துவிட்டு மூச்சு விட்டாள். "மூளை தட்டிப்போட்டுது, பிள்ளை. இனி ஒண்டும் செய்ய ஏலாது."

காலையில் இவரைக் கழுவ வருகிற கேயரர் பெண்ணிடம் நான்தான் இதைச் சொன்னேன். அவள் தன் ஒபிசுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சோஷல் வேர்க்கர் வந்தாள். அதே பலகையில்தானே காற்று மெத்தையும் செருகி இருக்கிறது, அதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும், என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பலகையை எடுத்துத் தொட்டிக்குப் பின்னால், அவர் கை எட்டாத இடத்தில் வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் தெருவுக்குக் கேட்கச் சத்தம் போட்டார். நாற்காலியின் கையில் இடது கையால் அடி அடி என்று அடித்தார். முகம் கறுத்துச் சிவந்தது, வாயில் நுரை வந்தது. மச்சாள் இன்னும் கொஞ்சம் சாம்பிராணி தூவினாள். டொக்டர் மனம் அமைதியாக இருக்க ஒரு குளிசை எழுதினார். அதைக் குடித்தால் தலை தொங்கிவிடும், எச்சில் சட்டையில் வடியும். மீனையும் பார்ப்பதில்லை. பார்க்கிங் என்கிற ஊரில் ஒரு ஹோமில் இடம் இருக்கிறது, அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள் என்று சோஷல் வேர்க்கர் சொன்னாள். எல்லோரும் கூடிக் கதைக்க ஒரு நாளும் வைத்தாயிற்று.

இதையெல்லாம் நாங்கள் எங்கே வைத்துக் கதைத்தோம்? அந்த அறையில்தான். அவருக்கு விளங்காதுதானே என்பது ஒரு வழக்கமாகவே போய்விட்டது. எந்த ஹோம், என்ன உடுப்புக் கொடுத்துவிடுவது, செத்தால் கிரியை எங்கே, எல்லாம் அவர் தலைக்கு மேலால் கதைத்தோம். கனடாவில் இருக்கிற மகளோடு போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உடுப்பு மடித்தபடி நான் சொன்னேன், "இப்பிடிக் கிடக்கிறதுக்கு அண்டைக்கே போயிருந்தால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." சொன்னதுதான். முதுகு உடைய உடையப் புரட்டிக் கழுவுகிறவளுக்குத்தான் அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கட்டும்.

ஹோமுக்குப் போவதென்றால் மீனை என்ன செய்வது என்று கேட்கத்தான் நான் திரும்பக் கடைக்குப் போனேன். மிச்சத்தைத் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டேன். கடைக்காரருக்கு அவை ஏன் சாகின்றன என்பதுதான் இன்னும் கவலை. அறையில் பெயின்ட் அடித்தீர்களா? இல்லை. வாசனை ஸ்பிரே? இல்லை. யாராவது சிகரெட்? இல்லவே இல்லை. ஏதாவது எரிப்பீர்களா, புகை வருமா?

"இல்லை" என்றேன். மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல்தான் சொன்னேன். சாமிக்குக் காட்டுவதைப் புகை என்று நாங்கள் எந்தக் காலத்தில் நினைத்தோம்?

எந்த நாளில் சாகின்றன என்று அடுத்ததாகக் கேட்டார். சனிக்கிழமை என்றேன். சொன்னவுடன் எனக்குள் ஏதோ நின்றது. பம்ப் எங்கே இருக்கிறது, அது அறைக் காற்றைத்தானே இழுத்துத் தண்ணீருக்குள் அடிக்கிறது, அறையில் என்ன இருக்கிறதோ அதுதான் மீனின் செவுளுக்கும் போகும் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை. என் மனுசன் சுவிட்சை நிறுத்தியது வெள்ளிக்கிழமைகளில் மட்டும்.

வீட்டுக்கு வந்து பம்பைத் தூக்கிப் புரட்டினேன். அடியில் காற்று போகிற ஓட்டையில் வட்டமாக ஒரு பஞ்சு. வாங்கும்போது வெள்ளையாக இருந்தது. இப்போது தேத்தண்ணீர் ஊறியதுபோலக் கபில நிறம். மூக்கில் வைத்தேன், கோயில் மணந்தது.

ஆனாலும் நான் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு நிச்சயம் வேண்டும். டொக்டரின் குளிசையை அந்த வெள்ளிக்கிழமை கொடுக்கவில்லை. காற்று மெத்தையை வேறு இடத்தில் செருகிவிட்டு, பலகையைப் பழையபடி அவருடைய இடது கைப்பக்கம் வைத்தேன். மச்சாள் வந்தாள், கரி சுட்டாள், சாம்பிராணி தூவினாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அறையில் புகை எழும்பியது. அவர் கையை நீட்டிப் பம்பை நிறுத்தினார்.

"பாரும், திரும்பத் தொடங்கிட்டான்" என்று மச்சாள் சுவிட்சைப் போடப் போனாள்.

"தொடாதையுங்கோ" என்றேன். நான் போட்ட சத்தத்தில் அவள் கை அப்படியே நின்றது.

நாங்கள் இருவரும் நின்றோம். அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்கள் மேலே வந்து வாய் திறந்தன. அவர் அதையும் பார்த்தார், அறையையும் பார்த்தார். நான் சன்னலைத் திறந்தேன். புகை மெல்ல வெளியே போனது. எதிர்ச் சுவரில் இருந்த கலண்டரின் எழுத்து தெளிவாகத் தெரியத் தொடங்கியதும், அவர் கையை நீட்டிப் பம்பைப் போட்டார். குமிழி வந்தது. மீன்கள் கீழே இறங்கின.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் இதைத்தான் செய்யப் பார்த்திருக்கிறார். ஒரு தரமாவது முடிக்க நாங்கள் விடவில்லை.

மச்சாள் தட்டைக் கையில் வைத்தபடி கதிரையில் இருந்துவிட்டாள். "அப்ப பிள்ளை, நாங்கள் கதைச்சதெல்லாம்?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

அவள் தட்டை நிலத்தில் வைத்துவிட்டு, தம்பியின் முழங்காலில் தலையை வைத்து அழுதாள். எனக்கு அழ வரவில்லை. சந்தோசப்பட வேண்டும் என்று தெரிந்தது. என் மனுசன் உள்ளேதான் இருக்கிறார், முழு ஆளாக இருக்கிறார். அதே நிமிசத்தில் என் காதுக்குள் நானே மகளோடு போனில் கதைப்பது கேட்டது. ஊமை கண்ட கனவு என்பார்கள். இவர் கண்டது கனவு இல்லை, கேட்டது எங்களுடைய வாயில் வந்ததையெல்லாம். அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் சோஷல் வேர்க்கருக்குப் போன் எடுத்தேன். இவருக்கு எல்லாம் விளங்கும், வந்து பாருங்கள் என்று சண்டை பிடித்தேன். என்னுடைய இங்கிலீஷ் கோபம் வந்தால்தான் சரளமாக வரும். பேச்சுப் பயிற்சிக்காரியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். இந்த முறை நான் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு வெக்கமாத்தான் இருக்கும். ஆனால் அவளவை கேக்கிறதைக் காட்டுங்கோ. காட்டினால்தான் நீங்கள் இஞ்சை இருக்கலாம்." அவர் காட்டினார். கப், சீப்பு, சாவி. இன்று என்ன கிழமை, இது எந்த நாடு, இந்த அம்மா உங்களுக்கு யார். படங்களில் இடது கையின் விரல் ஒன்றுகூடப் பிசகவில்லை. சோதனையில் பாஸான பிள்ளையின் தாய் மாதிரி நான் நின்றேன். தேத்தண்ணீர் போட்டேன், பெட்டியில் இருந்த நல்ல பிஸ்கட்டை எடுத்து வைத்தேன்.

சோஷல் வேர்க்கருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. பிறகு அவள் சொன்னாள், இனி இது அவருடைய முடிவு, நாங்கள் யாரும் அவருக்காக முடிவெடுக்க முடியாது, ஆகவே அவரிடமே கேட்க வேண்டும். கேளுங்கோ என்றேன். எனக்குப் பயமே இருக்கவில்லை.

அவளிடம் ஹோமின் படம் இருந்தது. எங்களுடைய முன் அறையைத் தன் டாப்லட்டில் அப்போதே படம் எடுத்தாள். சாமி அலுமாரி, தொட்டி, நாற்காலி எல்லாம் விழுந்தன. இரண்டு படத்தையும் அவர் முன்னால் வைத்து, எங்கே இருக்க விருப்பம் என்று கேட்டாள்.

அவர் ஹோமின் படத்தில் கையை வைத்தார்.

கை தவறிப் போயிருக்கும் என்று நான் சொன்னேன். அவள் படங்களை இடம் மாற்றி வைத்தாள். கை ஹோமின் படத்தையே தேடிப்போனது. ஒரு கிழமை கழித்து வேறொருவர் வந்து, என்னை அறைக்கு வெளியே இருத்திவிட்டுக் கேட்டார். அப்போதும் அதே படம்தான். விளங்காதவராக இருந்திருந்தால், வேண்டாம் என் மனுசன் என்னோடுதான் என்று நான் கடைசிவரை மல்லுக்கு நின்றிருப்பேன். புத்தியுள்ள மனிதனோடு எப்படி மல்லுக்கு நிற்பது?

மச்சாள் தன்னால்தான் எல்லாம் என்று எங்கள் வீட்டில் சாம்பிராணி போடுவதையே விட்டுவிட்டாள். எதுவும் உங்களால் இல்லை என்று நானும் சொல்லவில்லை. அந்தக் கடைசி நாட்களில் ஒரு மீனும் சாகவில்லை. அவர் தொட்டிக்கு முன்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் உடுப்புகளுக்கு அவருடைய பெயர் தைத்தேன், ஹோமில் மாறிப் போய்விடுமாம்.

வாகனம் வருவதற்கு முதல் நாள் பின்னேரம், என்னால் பொறுக்க முடியவில்லை. அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். அந்தப் பெண்கள் படம் வைத்துக் கேட்டதுபோல என் இரண்டு கையையும் பொத்தி அவர் முன்னால் நீட்டினேன்.

"இஞ்சாருங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ. இந்தக் கை எண்டால், நான் சொன்னதெல்லாம் கேட்டு என்னிலை வெறுத்துப் போறியள். இந்தக் கை எண்டால், நான் படுற பாட்டைப் பாத்து, எனக்காகப் போறியள். எது?"

அவர் நெடுநேரம் என் கைகளைப் பார்த்தார். பிறகு முதல் சொன்ன கையில் தன் கையை வைத்தார். நான் தலையைக் குனிந்தேன். சரி என்றேன். எழும்பப் போனபோது அவர் அந்தக் கையை எடுத்து, மற்றக் கையிலும் வைத்தார். இரண்டிலும் ஒரே அளவு நேரம்தான் வைத்திருந்தார்.